அழகு அறையின் மின்கட்டணம் எங்கே போகின்றது?

சனிக்கிழமைக் காலைகளில் சிட்னியின் வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், ரூங்காபி ஆகிய இடங்களிலும், மெல்பேணின் டண்டினோங், கிளேற்றன் பகுதிகளிலும் எம்மவர் வீடுகள் சிலவற்றின் பக்கக் கதவு ஓயாது திறந்து மூடப்படுவதைக் காணலாம். புருவம் திருத்த வருபவர் ஒருவர். சாமத்தியவீட்டுக்காகப் பிள்ளையைத் தலை முழுகுவித்து அலங்கரிக்க அழைத்து வரும் தாய் ஒருவர். அரங்கேற்றத்துக்கு ஒப்பனை பேச வருபவர் இன்னொருவர். உள்ளே முன்னர் படுக்கையறையாக இருந்த சிற்றறையில் ஒரு கண்ணாடி, சாயும் நாற்காலி ஒன்று, துவாய்கள் அடுக்கிய தட்டு. கடை வாடகை கொடுத்துத் தொழில் செய்ய வசதியற்ற பெண்கள் பலருக்கு இந்தச் சிற்றறையே தொழிற்சாலை. வதிவிட அனுமதி இன்னமும் தீராத நிலையில், கணவன் இரவுவேலைக்குப் போக, பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும் பொழுதுகளில் உழைக்கும் பெண்களும் இவர்களுள் உளர்.

டண்டினோங்கில் அத்தகைய அறை ஒன்றை நடத்தும் சகோதரி, குளிர்காலத்தில் வந்த மின்கட்டணப் பத்திரத்தை எம்மிடம் நீட்டினார். "அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ. உழைக்கிறதில பாதி இதுக்கே போகுது. நானும் சேமிச்சுத்தான் பாக்கிறன். கண்ணாடிக்கு மேல இருந்த நாலு பல்பில ரெண்டைக் கழட்டிப்போட்டன்" என்றார். பெயரைப் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அரையிருளில் அமர்ந்து, மணப்பெண்ணின் கன்னத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார் அவர். காலடியில் 2400 வாற் வெப்பமூட்டி சிவந்து எரிந்துகொண்டிருந்தது.

சுற்றாடலுக்கு உகந்த அழகு நிலையம், மின்சாரச் சிக்கனம் என்றதும் எம்மவர் நினைவுக்கு முதலில் வருவது மின்குமிழ். அது ஒரு காலத்தில் நியாயமான நினைப்பே. இழை எரியும் பழைய மின்குமிழ்களை விலக்கப் போவதாக அவுஸ்திரேலிய அரசு 2007 பெப்ரவரியில் அறிவித்தது. அதற்கு முன்னர் கண்ணாடியைச் சுற்றி எட்டுக் குமிழ் பூட்டியவர் அரைக் கிலோவாற் அளவுக்கு எரித்திருப்பார். இன்று அதே வெளிச்சத்தைத் தரும் எல்.ஈ.டி. குமிழுக்கு 10 வாற் போதும். ஆகவே அந்தச் சகோதரியின் அறையில் ஒரு குளிர்நாட் செலவை அவரது மேசையிலிருந்தே கணக்கிட்டோம். ஓர் அலகு, அதாவது ஒரு கிலோவாற் மணி, 30 சதம் என வைத்துக்கொண்டோம்.

வெப்பமூட்டி ஐந்து மணிநேரம் எரிந்தால் 12 அலகு: 3 டொலர் 60 சதம். நால்வருக்குக் கைக்குழாயால் தலை கழுவிவிடச் செலவாகும் வெந்நீர், ஒருவருக்கு ஆறு நிமிடமென்றால், ஏறத்தாழ 7 அலகு: 2 டொலர் 10 சதம். 2000 வாற் முடியுலர்த்தி ஒருவருக்குக் கால் மணிநேரம், நால்வருக்கும் சேர்த்து 2 அலகு: 60 சதம். நான்கு மின்குமிழ்களும் எட்டு மணிநேரம் எரிந்தால் மூன்றில் ஓர் அலகு: பத்துச் சதம். இரண்டைக் கழற்றியதால் அவர் மீதப்படுத்தியது நாளொன்றுக்கு ஐந்து சதம்! அந்த ஐந்து சதத்துக்காகக் கண்ணையும் தொழிலையும் கெடுத்துக்கொண்டிருந்தார். நிறம் சரியாகத் தெரியாத ஒளியில் செய்த ஒப்பனை மண்டபத்து வெளிச்சத்தில் வேறு முகம் காட்டும்; காஞ்சிபுரத்து அரக்குச் சிவப்பும் மண்நிறமாகத் தோன்றும். குமிழ் வாங்கும்போது பெட்டியில் நிறச்சுட்டெண் 90 அல்லது அதற்கு மேல் எனக் குறித்திருப்பதைத் தெரிந்தெடுப்பதும், தலைக்கு மேலே தொங்கவிடாமல் கண்ணாடியின் இரு பக்கமும் பூட்டுவதும் நன்று. மேலிருந்து விழும் ஒளி கண்ணின் கீழே நிழலிடும்.

ஆக, இவ்வறையில் செலவு ஒளியில் இல்லை, சூட்டில் இருக்கின்றது. காற்றைச் சூடாக்குவதும் நீரைச் சூடாக்குவதுமே பணத்தை விழுங்குகின்றன.

வெந்நீரை எடுத்துக்கொள்வோம். நீருக்கு ஒரு குணம் உண்டு: சூடேற்ற மிகுந்த சக்தி கேட்கும். மெல்பேணின் குளிர்காலக் குழாய்நீர் 12 பாகை என்றும், தலைக்கு வேண்டியது 40 பாகை என்றும் கொண்டால், ஒவ்வொரு லீற்றரையும் 28 பாகை உயர்த்த வேண்டும். நிமிடத்துக்கு 9 லீற்றர் விடும் நீர்த்தூவியால் ஆறு நிமிடம் கழுவினால் 54 லீற்றர். அதற்கு ஒன்றே முக்கால் அலகு மின்சாரம். 18 லீற்றர் கொட்டும் பழைய தூவியாயின் இதில் இரட்டிப்பு. அதே தலையை ஒரு வாளியில் 12 லீற்றர் வெந்நீர் எடுத்துச் செம்பால் வார்த்துக் கழுவினால் செலவு அரை அலகுக்கும் குறைவு. பன்னிரண்டு சதம் அளவில் முடிந்துவிடும். கிணற்றடியில் வாளியும் செம்பும் வைத்து முழுகிய எமக்கு இது புதிய வித்தையன்று. வாடிக்கையாளர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் ஒன்றே தடை. அழகிய செப்புக் குடத்தில் நீரை வைத்து, சாய்வு நாற்காலியில் அமர்த்தி, மெல்ல வார்த்துப் பாருங்கள். அதனை அவர் விசேட உபசாரமாகவே கொள்வார்.

தூவியை விட மனமில்லாதோர் தூவியை மாற்றலாம். நீர்ச்சிக்கனத்துக்கு நட்சத்திரம் இடும் சட்டம் இந்நாட்டில் 2005 இல் வந்தது. அப்போது நீண்ட வரட்சி நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு நீர் ஊற்றுவதற்கும் நாள் குறிக்கப்பட்ட அந்த ஆண்டுகளை மெல்பேணில் நெடுநாள் வாழ்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மூன்று நட்சத்திரத் தூவி நிமிடத்துக்கு 9 லீற்றருக்கு மேல் விடாது.

எம்மவரில் அநேகர் வாடகை வீட்டில் இருப்பதால் ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. விக்ரோரியாவில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வாடகை வீட்டுக் குளியலறையின் தூவி மூன்று நட்சத்திரத் தரத்தில் இருத்தல் வேண்டும். அதனைத் தருவது வீட்டுரிமையாளரின் கடமை. புதிய பொருத்தி தேவைப்படாத எல்.ஈ.டி. குமிழ்களையும், நீர் குறைவாக விடும் தூவியையும் வாடகையாளர் அனுமதி கேளாமலே மாற்றலாம். கழற்றிய பழைய தூவியைப் பத்திரமாக வைத்திருந்து, வீட்டை விட்டுப் போகும்போது திரும்பப் பூட்டிவிட வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் நிலைமை வேறு. அங்கே வீட்டுரிமையாளர் நீர்ப்பாவனைக் கட்டணத்தை உங்கள் தலையில் போட வேண்டுமானால், தூவியும் குழாய்களும் நிமிடத்துக்கு 9 லீற்றருக்கு மேற்படாமலும், ஒழுக்கு எதுவும் இல்லாமலும் இருத்தல் வேண்டும். ஒழுகும் குழாயைத் திருத்தித் தராமல் நீர்க் கட்டணம் மட்டும் கேட்கும் முகவருக்கு இதனை எழுத்தில் நினைவூட்டலாம். ஆங்கிலம் தடையென்றால் பிள்ளையைக் கொண்டு எழுதுவிக்கலாம், வெட்கப்பட ஏதுமில்லை.

சொந்த வீட்டார் வெந்நீர்க் கொதிகலன் பழுதாகும் நாளைக் காத்திராமல் வெப்பவிசைக் கொதிகலனைப் பற்றி விசாரித்து வைத்தல் நல்லது. குளிர்சாதனப் பெட்டியின் வேலையைத் தலைகீழாகச் செய்யும் பொறி அது: வெளிக்காற்றின் சூட்டை உறிஞ்சி நீருக்குக் கொடுக்கும். பழைய மின் கொதிகலன் மூன்று அலகில் செய்வதை அது ஏறத்தாழ ஓர் அலகில் செய்துவிடும். கூட்டாட்சி அரசின் சிறுஅளவுப் புதுப்பிக்கத்தக்க சக்தித் திட்டத்தின் சான்றிதழ்கள் இதற்கும் உண்டு. விலையில் கழித்துத் தருவார்கள். கூரையில் சூரியத் தகடு உள்ளவர்கள் நீர் சூடேறும் நேரத்தை நள்ளிரவிலிருந்து நண்பகலுக்கு மாற்றிவிட வேண்டும். முன்னர் நாம் வலையமைப்புக்குக் கொடுத்த மின்சாரத்துக்கு நல்ல விலை இருந்தது. இப்போது அவ்விலை வெகுவாக விழுந்துவிட்டது. விற்பதிலும் பார்க்கத் தாமே பயன்படுத்துவது இலாபம். துவாய் தோய்ப்பதையும் அதே நேரத்துக்கு வைக்கலாம். ஒன்று கவனிக்க: கட்டணத்தைக் குறைக்கவெனக் கொதிகலனின் வெப்பத்தை 60 பாகைக்குக் கீழே இறக்கலாகாது. தேங்கிய இளஞ்சூட்டு நீரில் லெஜியொனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகும்.

வாசலில் வந்து நின்று "அரசாங்கம் இலவசமாகத் தருகின்றது, இங்கே ஒப்பமிடுங்கள்" என்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். விக்ரோரியாவின் சக்திச் சேமிப்புத் திட்டத்தின் பேரில் வீடுவீடாகச் சென்று விற்பதும், தொலைபேசியில் அழைத்து விற்பதும் 2024 ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டன.

இனி அறைச்சூடு. எந்த அறையைத் தெரிவு செய்வது என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி வெயில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். இந்நாடு பூகோளத்தின் மறுபாதியில் இருப்பதால் ஆடி மாதக் குளிரில் வெயில் வடக்கு யன்னலால் வரும். வடக்கு யன்னலுள்ள அறை பகலில் தானே சூடேறும்; கண் கூசாதபடி மெல்லிய வெள்ளைத் திரை ஒன்று போட்டால் ஒப்பனைக்கும் சீரான ஒளி கிடைக்கும். தெற்கு அறையில் ஒளி நாள் முழுவதும் மாறாதிருக்கும், ஆனால் குளிரும். தலை கழுவி உலர்த்தும் வேலை மிகுதியென்றால் வடக்கையும், ஒப்பனை மட்டும் என்றால் தெற்கையும் நாம் சொல்வோம். மேற்கு அறை வேண்டவே வேண்டாம். தை மாத மாலையில் அது அடுப்பாகும், சிட்னியின் மேற்குப் புறத்தில் வசிப்போரைக் கேட்டுப் பாருங்கள்.

கதவடி இடுக்கை அடைக்க இந்நாட்டவர் "கதவுப் பாம்பு" என்று ஒன்றைப் போடுவார்கள். மணல் நிரப்பிய துணிச்சுருள்தான். பழைய சேலைத் துண்டில் நாமே தைத்துக்கொள்ளலாம். அதன்பின்னும் குளிர்ந்தால், சுவரிற் பொருத்திய குளிர்-வெப்பச் சாதனம் இருக்குமாயின் அதனையே பாவிக்க வேண்டும். சிவந்து எரியும் வெப்பமூட்டி கேட்கும் மின்சாரத்தில் மூன்றிலொன்று நான்கிலொன்றுடன் அது அதே சூட்டைத் தந்துவிடும். அதுவுமில்லாத வாடகை வீட்டில், அறை முழுவதையும் சூடாக்குவதை விட்டு அமர்ந்திருப்பவரைச் சூடாக்கலாம். மடியில் போர்த்தும் மின்கம்பளி 100 முதல் 150 வாற் அளவே எடுக்கும். புருவம் திருத்தும்போதும் ஒப்பனையின்போதும் அது போதும். நீர் சிந்தும் இடத்தில் மட்டும் அதனைப் பாவிக்கலாகாது.

முடியுலர்த்தியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவற்றுக்குச் சிக்கன நட்சத்திரம் இடும் வழக்கம் நியூ சவுத் வேல்ஸிலும் விக்ரோரியாவிலும் 1986 இல் தொடங்கிவிட்டது. முடியுலர்த்திக்கு அந்த நட்சத்திரம் இல்லை. ஆகையால் "சுற்றாடல் நண்பன்" எனப் பெட்டியில் எழுதி விலையை ஏற்றுவோரை நம்பிப் பணத்தைக் கொட்டத் தேவையில்லை. நீண்ட கூந்தலில் 100 கிராம் நீர் தங்கியுள்ளதென்று கொண்டால், அதை ஆவியாக்கப் பௌதிகவியல் கேட்பது ஓர் அலகில் பதினைந்தில் ஒரு பங்கைத்தான். உலர்த்தியோ அரை அலகு எரிக்கின்றது; மிகுதியெல்லாம் அறைக்காற்றுக்கே போகின்றது. துவாயால் நன்றாக ஒற்றி, பத்து நிமிடம் சுற்றிக் கட்டிவைத்து, பின்னர் உலர்த்தியைக் கையில் எடுத்தால் நேரம் பாதியாகும். தேய்த்தால் முடி உடையும், ஒற்ற வேண்டும்.

மின்சாரமே இன்றி அலங்காரம் செய்த தலைமுறை நாம். 1990 இல் யாழ் குடாநாட்டுக்கு மின்விநியோகம் நின்றது. சவர்க்காரமும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. ஜாம் போத்தலுக்குள் சில துளி மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். அரப்பும் தேசிக்காயும் வைத்துத் தலை முழுகினோம். அந்த நாட்களிலும் கலியாணங்கள் நடந்தன. பால் அறுகு வைத்து மணப்பெண் நீராடினாள், வெயிலில் கூந்தலை விரித்துச் சாம்பிராணிப் புகை காட்டினார்கள். அந்த வறுமையை யாரும் மீண்டும் விரும்பமாட்டார்கள். ஆனால் அன்று கட்டாயத்தால் கைவந்த பழக்கங்களுள் சில இன்று காசு கொடுத்து வாங்கும் பொருட்களிலும் பார்க்க நல்லவை. அரப்பு, சீயாக்காய், மருதோன்றி இலைத்தூள் முதலியவற்றை ஊரிலிருந்து கொண்டுவருவோர் விமான நிலையத்தில் வருகை அட்டையிற் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டம்.

இயற்கை என்ற சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. மருதோன்றியே சான்று. உண்மையான மருதோன்றியின் சாயம் செம்மஞ்சளாகத் தொடங்கி, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். சில மணிநேரமேனும் கையில் இருக்க வேண்டும். ஒரு மணிநேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி"யில் இருப்பது பெரும்பாலும் பரா-பினைலீன்டையமீன் என்னும் தலைமயிர்ச் சாயப் பொருள். தோலில் அது கொப்புளம் எழுப்பும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டவருக்குப் பின்னாளில் தலைச்சாயமும் ஆகாமற் போகும். கூம்புக் குழலில் அடைத்து, உட்பொருள் எழுதாமல் விற்பதை வாங்காதீர்கள். தூளைத் தேசிக்காய்ச் சாறும் சீனியும் விட்டு இரவே குழைத்து வையுங்கள். பெரியவர்களுக்காயின் நீலகிரித் தைலம் சில துளி சேர்த்தால் நிறம் ஆழமாகும். நீலகிரித் தைலம் என்று நாம் அழைப்பது இந்த அவுஸ்திரேலிய மண்ணின் யூக்கலிப்ரஸ் மரத்தின் எண்ணெயே. மரம் 19 ஆம் நூற்றாண்டில் இங்கிருந்து நீலகிரிக்குப் போயிற்று.

சிக்கனம் பார்க்கக்கூடாத இடம் ஒன்றும் இவ்வறையில் உண்டு: அது காற்று. குளிர்காலத்தில் யன்னலைச் சாத்தி, கதவுப் பாம்பையும் போட்டு, உள்ளே நகப்பூச்சு, அசிற்றோன், முடித்தெளிப்பு என்று வேலை செய்தால் மீதப்படும் சதங்கள் மருத்துவருக்குப் போகும். முடியை நேராக்கும் சில கரைசல்களில் போமல்டிகைட்டு மிகுந்திருந்ததால் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் அவை விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டன; 0.2 வீதத்துக்கு மேல் அது இருத்தலாகாது. வாடிக்கையாளர் ஒரு மணிநேரத்தில் எழுந்து போய்விடுவார். நாள் முழுவதும் அக்காற்றைச் சுவாசிப்பவர் தொழில் செய்பவரே. கர்ப்பிணிகள் இத்தகைய வேலையை ஒதுக்குவதே உசிதம். வேலை முடிந்ததும் எதிரெதிரான இரு யன்னல்களை ஐந்து நிமிடம் அகலத் திறந்தால் காற்று மாறும், சுவரின் சூடு முற்றாகப் போகாது. அசிற்றோன் எளிதில் தீப்பற்றும். சிவந்து எரியும் வெப்பமூட்டி உள்ள அறையில் அதன் போத்தலைத் திறக்கவே கூடாது. நாம் பார்த்த அறையில் இரண்டும் ஒரு முழ இடைவெளியில் இருந்தன.

கழிவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். துவாய்களைக் கொடியில் வெயிலில் உலர்த்துங்கள். அடிலெய்டில் லான்ஸ் ஹில் என்பவர் 1945 இல் செய்யத் தொடங்கிய சுழலும் உடுப்புக்கொடி இன்றும் எத்தனையோ பின்வளவுகளில் நிற்கின்றது. பிளாஸ்ரிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சியும், கழுவி விடும் பூச்சுகளிற் கலந்த நுண்பிளாஸ்ரிக் மணிகளும் நியூ சவுத் வேல்ஸில் 2022 நவம்பர் முதல் தடைசெய்யப்பட்டவை. பழைய இருப்பை மலிவு விலையில் தருவோரிடம் வாங்கி ஏமாறாதீர்கள். வெட்டிய முடிக்கும் இப்போது பயன் உண்டு. முடி எண்ணெயை ஈர்க்கும். 2015 இல் இந்நாட்டில் தொடங்கிய "சஸ்ரெய்னபிள் சலோன்ஸ்" என்னும் அமைப்பு அழகு நிலையங்களிலிருந்து முடி, ஈயத்தாள், போத்தல் ஆகியவற்றைச் சேகரித்து, முடியை எண்ணெய்க் கசிவை உறிஞ்சும் மிதவைகளாக்கும் பணிக்குக் கொடுத்து வருகின்றது. வீட்டு அறையில் சேரும் முடி சொற்பம். அதைத் தோட்டத்து மண்ணில் புதைத்தாலே மெல்ல உக்கிப் பசளையாகும். சாயமிட்ட முடி மட்டும் வேண்டாம்.

அறை ஆயத்தமாவதற்கு முன்னர் மாநகரசபைக்கு ஒரு தடவை போய் வாருங்கள். விக்ரோரியாவில் 2008 ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி முடியலங்கார, அழகுக்கலை இடங்கள் சபையிற் பதியப்பட வேண்டும். முடியலங்காரத்துக்கும் வெறும் ஒப்பனைக்கும் ஒரு முறை பதிந்தால் போதும். நியூ சவுத் வேல்ஸில் கூலிக்கு முடி வெட்டுவோருக்கு உரிய தகைமை வேண்டுமென 2003 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கின்றது. தோலைத் துளைக்கும் வேலைகளுக்குச் சபைக்கு அறிவித்தல் அவசியம். இடைக்கால விசாவில் உள்ளோர், அதிலே வேலை செய்யும் அனுமதி இருக்கின்றதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அயலவர் ஒருவரின் முறைப்பாடு, நெடுங்காலம் காத்திருக்கும் வதிவிட விண்ணப்பத்துக்குத் தலையிடியாகிவிடக் கூடாது. வாடகை வீடாயின் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள்.

இரு வாரங்களின் பின் அந்தச் சகோதரி தொலைபேசியில் பேசினார். அறையை வடக்குப் பக்கத்துக்கு மாற்றிவிட்டாராம். பிள்ளைகள் தெற்கறைக்குப் போக மாட்டோம் என்று ஒரு நாள் சண்டையும் பிடித்தார்களாம். அசிற்றோன் போத்தல் இப்போது குளியலறை அலுமாரியில். மின்மானியின் எண்ணை ஒவ்வொரு நாள் மாலையும் கொப்பியில் குறித்து வருகின்றார்: முன்னர் 21 அலகு போன நாளில் இப்போது 9, சில நாட்களில் 11. "அந்த ரெண்டு பல்பையும் திரும்பப் பூட்டிப்போட்டன் அண்ணை" என்றார். "ஆனா செம்பால வாக்கிறதுக்குத்தான் இன்னும் ஒரு மாதிரிக் கிடக்கு. வாற கிழமை ஒரு பொம்பிளை அலங்காரம் இருக்கு, அண்டைக்குச் செய்து பாக்கிறன்."